குறைந்த மூலதனத்தில் வேகமான கணனி: பாகங்களைத் தெரிவு செய்வது எப்படி?

"கடைக்கு ஒரு நல்ல கணனி எடுக்க வேண்டும். எவ்வளவு போகும்?" வர்த்தக நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் விலையைச் சொல்வதற்கு முன் திருப்பி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அதில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. லொறி வாங்க வருபவரிடம் என்ன பாரம் ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்காமல் யாரும் லொறியைக் காட்டுவதில்லை. ஆனால் கணனி விடயத்தில் நம்மவர்கள் பலர் வேலையைச் சொல்லாமலே விலையைக் கேட்கிறார்கள். விற்பவரும் வேலையைக் கேட்காமலே ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்து விடுகிறார்.

நான் பொறியியலாளன் அல்ல. சாமான் வாங்கி விற்றுப் பழகியவன். கணனியின் பாகங்களும் சாமான்கள்தான். எந்தச் சாமானில் காசைப் போட்டால் அது வேலையாகத் திரும்பி வரும், எதில் போட்டால் வெறும் அலங்காரமாக நிற்கும் என்பதைப் பிரித்தறிந்தால் போதும். இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பாகம் பாகமாக வாங்க முடிவது ஏன்?

1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தனது பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டபோது, அதன் பெரும்பாலான பாகங்களை வெளி நிறுவனங்களிடமிருந்து வாங்கியே பொருத்தியது. அதனால் மற்ற நிறுவனங்களும் அதே அமைப்பில் பாகங்களைச் செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆணி அடிக்கும் துவாரம் முதல் மின்சார வயர் வரை ஒரே அளவு. ஒரு கம்பனியின் மதர்போர்டை இன்னொரு கம்பனியின் கேசிங்கில் பொருத்தி, மூன்றாவது கம்பனியின் பவர் சப்ளையால் ஓட்ட முடிவது இதனால்தான். பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். நாளை வேலை கூடினால் ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கலாம். சிறு வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் வேலையைப் பிரித்துக் கொள்ளுங்கள்

பில் போடுவது, கையிருப்புக் கணக்கு, மின்னஞ்சல் என்பன முதல் வகை. இதற்கு வேகமான கணனி தேவையே இல்லை. புதிதாகக் கட்டவும் வேண்டாம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து இங்கு இறக்குமதியாகும் டெல், எச்.பி. போன்ற பிராண்ட் கணனிகளில் ஒன்றை எடுத்து, ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிய இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். "ஐ 7 போட்ட மெஷின், சல்லி விலை" என்று நான்காம் தலைமுறை கணனியைத் தந்தால் வாங்காதீர்கள். ஐ 7 என்ற பெயரைவிடத் தலைமுறையே முக்கியம்.

பெனர், கல்யாணக் கார்ட், விளம்பர வடிவமைப்பு என்பன இரண்டாவது வகை. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். 10 அடி நீளம் 6 அடி உயரமான ஒரு பெனரை அங்குலத்துக்கு 100 புள்ளி என்ற அளவில் வடிவமைத்தால் 12,000க்கு 7,200 புள்ளிகள் வரும். பெருக்கினால் 8 கோடியே 64 இலட்சம் புள்ளிகள். நான்கு வர்ண அச்சுக்கு ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்றால், ஒரு அடுக்குக்கே ஏறத்தாழ 345 எம்.பி. நினைவகம் வேண்டும். இப்படிப் பத்து அடுக்கு வைத்தால் 3 ஜி.பி.யைத் தாண்டி விடும். 8 ஜி.பி. ரெம் உள்ள கணனி ஏன் மூச்சு வாங்குகிறது என்பது இப்போது விளங்கும். இந்த வேலைக்கு ரெம்மும் புரொசசரும்தான் முக்கியம். பெரிய கிராபிக்ஸ் கார்ட் அல்ல.

கல்யாண வீடியோ போன்ற எடிட்டிங் வேலை மூன்றாவது வகை. இதற்குத்தான் உண்மையில் பலமான கணனி தேவை. காசு அதிகமாக வீணாவதும் இதில்தான்.

ஒரு விலைப்பட்டியலை வாசித்த விதம்

2025இன் நடுப்பகுதியில் என் தங்கையின் மகன் சொந்தமாக எடிட்டிங் வேலை தொடங்க முன்வந்தான். கையில் 3 இலட்சம் ரூபா. பாதி அவனது உழைப்பு, பாதி அவனது தாய் நகை விற்றுக் கொடுத்தது. ஒரு கடையில் வாங்கிய விலைப்பட்டியலைக் கொண்டு வந்து, "மாமா, இது நல்ல கேமிங் மெஷின், எடிட்டிங்குக்கும் சூப்பராம்" என்றான்.

பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். மொத்தக் காசில் ஏறத்தாழ பாதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருந்தது. ரெம் 16 ஜி.பி., அதுவும் ஒரே துண்டு. எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. பவர் சப்ளைக்கு "600 வாட்" என்று மட்டும் இருந்தது, கம்பனியின் பெயர் இல்லை. யூ.பி.எஸ். இல்லை. வர்ண விளக்கு எரியும் கேசிங்கும் விசிறிகளும் மட்டும் தாராளமாக இருந்தன.

நான் கேட்டேன்: "ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மணித்தியால வீடியோ வரும்?" இரண்டு கமெரா, ஒவ்வொன்றிலும் நான்கு மணித்தியாலம் என்றான். அவனது கமெரா 4கே தரத்தில் செக்கனுக்கு 100 மெகாபிட் என்ற வேகத்தில் பதிவு செய்கிறது. அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜி.பி. எட்டு மணித்தியாலத்துக்கு 360 ஜி.பி. அந்த 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் விண்டோசும் மென்பொருட்களும் போக, ஒரு கல்யாணத்தை வைப்பதே சிரமம். இரண்டாவது ஓர்டர் வந்தால் முதல் கல்யாணத்தின் படங்களை எங்கே வைப்பது? அழித்த பிறகு வாடிக்கையாளர் ஒரு திருத்தம் கேட்டால் என்ன சொல்வது? கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்தி வீடியோ எடுக்க முடியாதே.

அதன் பிறகு இருவருமாக இருந்து பட்டியலை மாற்றி எழுதினோம். ஒவ்வொரு பாகத்துக்கும் நாங்கள் பார்த்தவற்றைக் கீழே தருகிறேன்.

புரொசசர்

இந்த வகைக் கணனிக்கு ஆறு கோர் கொண்ட புரொசசர் நல்ல ஆரம்பம். இன்டெல்லில் 2022இல் வந்த கோர் ஐ 5 12400, ஏ.எம்.டி.யில் அதே வருடம் வந்த ரைசன் 5 5600, 2023இல் வந்த ரைசன் 5 7600 ஆகியன இந்த வரிசையைச் சேர்ந்தவை.

இன்டெல் புரொசசரின் இலக்கத்துக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை கொஞ்சம் குறையும். ஆனால் எடிட்டிங் செய்பவருக்கு அது இலாபமல்ல. இன்டெல்லின் உள் கிராபிக்சோடு வீடியோவை விரிக்கும் ஒரு தனிப் பகுதியும் வருகிறது. அதற்குக் குவிக் சிங்க் என்று பெயர். இன்றைய கமெராக்கள் பலவற்றில் இருக்கும் 4:2:2 பத்து பிட் எச்.265 பதிவை 12400இல் உள்ள அந்தப் பகுதி விரித்துக் கொடுக்கும். என்விடியாவின் கார்ட்களுக்கு அந்த வசதி 2025இல் வந்த 50 வரிசையில்தான் கிடைத்தது. உங்கள் எடிட்டிங் மென்பொருள் இதைப் பாவிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக் கொள்ளுங்கள். மருமகனின் பட்டியலில் இருந்த எஃப் எழுத்தை நாங்கள் முதலில் நீக்கியது இதனால்தான். கிராபிக்ஸ் கார்ட் ஒரு நாள் பழுதானாலும், எஃப் இல்லாத புரொசசர் இருந்தால் திரை எரியும், வேலை நிற்காது.

மதர்போர்ட்

புரொசசர் அமரும் இடத்துக்குச் சொக்கெட் என்று பெயர். ஒவ்வொரு வரிசைக்கும் சொக்கெட் வேறு. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700. 2024 ஒக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. ஏ.எம்.டி.யில் பழையது ஏ.எம். 4, 2022இல் வந்தது ஏ.எம். 5.

சொக்கெட்டின் ஆயுளும் ஒரு முதலீடுதான். 2018இல் பி 450 மதர்போர்ட் வாங்கியவர்கள், பயோசைப் புதுப்பித்து 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அதே போர்டில் போட முடிந்தது. புரொசசருக்கு மட்டுமே செலவு. ஏ.எம். 5 சொக்கெட்டை 2027 வரையும் அதற்கப்பாலும் தொடர்வதாக ஏ.எம்.டி. பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. கையில் காசு குறைவு, ஆனால் தொழில் வளரும் என்று நம்புபவர் இதைக் கணக்கில் எடுக்கலாம்.

போர்டில் பார்க்க வேண்டியவை: ரெம்முக்கு நான்கு இடம் இருக்கிறதா, எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு இடம் இருக்கிறதா, டி.டி.ஆர். 4 ரெம்மா 5 ரெம்மா என்பன. ஏ.எம். 4க்கு 4 மட்டும். ஏ.எம். 5க்கு 5 மட்டும். எல்.ஜி.ஏ. 1700 போர்ட்களில் இரண்டு வகையும் உண்டு. ஆனால் ஒரு போர்டில் போட்ட வகையை இன்னொன்றில் போட முடியாது.

ரெம்

கணக்கு வேலைக்கு 8 ஜி.பி. சமாளிக்கும், 16 வசதி. வடிவமைப்புக்கு 16. வீடியோவுக்கு 32. ஒரே துண்டாக வாங்காமல் சமமான இரண்டு துண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையால் ஒரே நேரத்தில் தரவு போய் வரும்.

2025இன் இறுதியில் உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் உற்பத்தியை அள்ளிக் கொண்டதே காரணம். குருஷல் என்ற பெயரில் நாம் வாங்கிப் பழகிய ரெம்மை விற்ற மைக்ரோன் நிறுவனம், சில்லறைப் பாவனையாளர் சந்தையை விட்டு விலகுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய விலையை மனதில் வைத்து பட்ஜெட் போடாதீர்கள். காசு போதாவிட்டால் நான்கு இடமுள்ள போர்டில் 16 ஜி.பி.யை இரண்டு துண்டாகப் போட்டு, பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம்.

எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும்

ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 150 முதல் 200 எம்.பி. வரை வாசிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை. எம்.2 இடத்தில் போடும் என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி.யும் அதற்கு மேலும். விண்டோசுக்கும் அன்றைய வேலைக்கும் 1 டி.பி. என்.வி.எம்.இ., முடிந்த வேலைகளைச் சேமித்து வைக்க ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். இப்படிப் பிரித்தால் காசும் மிஞ்சும், வேகமும் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவு எஸ்.எஸ்.டி.யில் மட்டும் வாடிக்கையாளரின் சாமானை வைக்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்ட்

வடிவமைப்புக் கடைக்கு இது இல்லாமலே தொடங்கலாம். வீடியோவுக்கு நடுத்தரக் கார்ட் போதும். கார்டின் சொந்த மெமரி ஆகக் குறைந்தது 8 ஜி.பி. இருக்கட்டும். மருமகன் பட்டியலில் இருந்த கார்டுக்கு இரண்டு படி கீழே இறங்கினோம். மிச்சமான காசுதான் ரெம்மையும் டிஸ்க்கையும் யூ.பி.எஸ்.ஸையும் வாங்கிக் கொடுத்தது.

பவர் சப்ளை

ஆகக் குறைவாகக் கவனிக்கப்படும் பாகம் இது. பழுதானால் மற்றப் பாகங்களையும் சேர்த்து எரிக்கக் கூடிய பாகமும் இதுவே. கணக்குச் சுலபம். 12400 முழு வேகத்தில் 117 வாட். ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற ஒரு கார்ட் 170 வாட். மற்றவற்றுக்கு 60 வாட். மொத்தம் 350 வாட் அளவு. நல்ல கம்பனியின் 550 வாட் பவர் சப்ளை தாராளம். பெயரில்லாத 600 வாட்டை விட அது மேல்.

80 பிளஸ் பிரொன்ஸ் என்ற முத்திரை, பாதிப் பாரத்தில் சுமார் 85 வீதம் மின்சாரத்தை வீணாக்காமல் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. அது சிக்கனத்துக்கான முத்திரை. பாதுகாப்புக்கான முத்திரை அல்ல. எனவே முத்திரையோடு, கம்பனியின் பெயரையும் எத்தனை வருட வொரண்டி என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

யூ.பி.எஸ்.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருளானது. எழுதிக் கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பும் கெடலாம், டிஸ்க்கும் கெடலாம்.

யூ.பி.எஸ். பெட்டியில் உள்ள வி.ஏ. இலக்கத்தை வாட் என்று நினைக்காதீர்கள். மலிவு வகைகளில் அந்த இலக்கத்தின் 60 வீதம்தான் வாட். 650 வி.ஏ. என்றால் 390 வாட். மேலே சொன்ன கணனிக்கும் மொனிட்டருக்கும் அது இறுக்கம். 1000 வி.ஏ. எடுங்கள். வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்குத்தான் அது, தொடர்ந்து வேலை செய்வதற்கல்ல. லேசர் பிரின்டரை யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

கேசிங்கும் மொனிட்டரும்

கேசிங்கில் விளக்கைப் பார்க்காமல் காற்றோட்டத்தைப் பாருங்கள். முன்னால் வலையும் தூசி வடியும், முன்னும் பின்னும் ஒவ்வொரு விசிறியும் இருந்தால் போதும். சூடு கூடினால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கே போய்விடும். மொனிட்டர் 24 அங்குல ஐ.பி.எஸ். வகை நல்லது. பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வடிவமைப்பாளருக்கு அது அவசியம்.

100 ரூபாவை எப்படிப் பிரிப்பது?

வீடியோ வேலைக்கு நான் மருமகனுக்கு எழுதிக் கொடுத்த பங்கீடு இது. கிராபிக்ஸ் கார்ட் 25, புரொசசர் 14, ரெம் 14, டிஸ்க்குகள் 12, மொனிட்டர் 11, மதர்போர்ட் 10, பவர் சப்ளை 6, கேசிங் 4, யூ.பி.எஸ். 4. வடிவமைப்பு மட்டும் என்றால் கார்டின் 25ஐ எடுத்து ரெம், புரொசசர், மொனிட்டருக்குப் பிரியுங்கள். இது சட்டமல்ல, அன்றைய விலையில் ஒரு கைக்கணக்கு. ரெம் விலை ஏறிய காலத்தில் அதன் பங்கும் ஏறும். அப்போது குறைக்க வேண்டியது கார்டின் பங்கைத்தான். பவர் சப்ளையையும் யூ.பி.எஸ்.ஸையும் தொடாதீர்கள்.

பாவித்த பாகங்கள்

கேசிங், மொனிட்டர் என்பவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். புரொசசரும் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் ஐ 7, ஐ 9 போன்றவற்றில் 2024இல் ஒரு குறைபாடு வெளியானது. மின்னழுத்தம் கூடிப்போய்ச் சில புரொசசர்கள் நிலைகுலைந்தன. பயோஸ் மாற்றத்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம், ஏற்கனவே கெட்டதைத் திருத்த முடியாது. 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பாவித்த கிராபிக்ஸ் கார்ட் வாங்கும்போது அதன் வரலாற்றைக் கேளுங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை நின்றது. இரவு பகலாக ஓடிய கார்ட்கள் சந்தைக்கு வந்தன. பாவித்த பவர் சப்ளையும் டிஸ்க்கும் வேண்டவே வேண்டாம். டெல் போன்ற பிராண்ட் கணனிகளைப் பிறகு பெரிதாக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றின் பவர் சப்ளையும் போர்டும் அந்தக் கம்பனிக்கே உரிய அளவு. சிறிய கேசிங்கில் பெரிய கார்ட் நுழையாது.

கடையில் கேட்க வேண்டியவை

இந்தச் சாமான்கள் எல்லாம் டொலரில் வருபவை. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. விலைப்பட்டியல் எத்தனை நாளுக்குச் செல்லும், 2024 ஜனவரியில் 18 வீதமான வற் வரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் முதல் கடையிலேயே முற்பணம் கொடுக்காமல், ஒரே பட்டியலை மூன்று கடைகளில் கொடுத்து விலை எடுங்கள். பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் கம்பனியும் மாதிரி இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "600 வாட்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள்.

வொரண்டி பாகத்துக்குப் பாகம் வேறுபடும். பல சீட்டுகளில் எரிந்த பாகங்களும் மின்னல் சேதமும் விலக்கப்பட்டிருக்கும். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கங்களை எழுதச் சொல்லிப் பெட்டிகளையும் வாங்கி வாருங்கள்.

பொருத்திய பின் டாஸ்க் மனேஜரைத் திறந்து புரொசசரின் பெயர், ரெம்மின் அளவு, வேகம், எத்தனை இடத்தில் இருக்கிறது என்பவற்றைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ரெம் பெட்டியில் உள்ள வேகத்தை விடக் குறைவாகக் காட்டினால் பயோசில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை இயக்கித் தரச் சொல்லுங்கள். உங்கள் சொந்த வேலை ஒன்றைக் கொடுத்து ஒரு மணித்தியாலம் ஓட விட்டுப் பார்த்த பிறகே மிகுதிக் காசைக் கொடுங்கள். திருட்டு மென்பொருளை இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அதோடு சேர்ந்து வருவது என்னவென்று யாருக்கும் தெரியாது. லிப்ரே ஒஃபிஸ், இன்க்ஸ்கேப், டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு போன்றவை நேர்மையாகக் கிடைக்கின்றன.

கடைசியாக ஒன்று

எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு செலவு இருக்கிறது. அது இரண்டாவது பிரதி. வெளியில் செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு தடவை வேலைகளையும் கணக்குகளையும் பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம் எத்தனை ஊர்களில் கடைகளுக்குள் புகுந்தது என்பதைப் பார்த்தோம். கணனியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வைப்பதற்குச் செலவே இல்லை.

மருமகனின் கணனியில் வர்ண விளக்கு இல்லை. கூட்டாளிகள் அதைப் பார்த்துக் கேலி செய்ததாகச் சொன்னான். முதல் மூன்று மாதத்தில் ஏழு கல்யாணங்களை எடிட் செய்து கொடுத்தான். ஏழின் மூலப்பதிவுகளும் இன்னும் அவனிடம் இருக்கின்றன. அதில் இரண்டு குடும்பங்கள் அல்பம் செய்யவும் அவனிடமே திரும்பி வந்தன. தாயின் நகைக் காசில் முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.